ஏரியைத் தூர்வாரும் முன் ராஜகாலுவேயைப் பாருங்கள்

பெங்களூரில் ஏரி நாற ஆரம்பித்ததும் எல்லாரும் தூர்வாரச் சொல்லி மனு எழுதுகிறோம். எழுதுங்கள், ஆனால் அதற்கு முன்னால் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் பெரிய மழைநீர்க் கால்வாயான ராஜகாலுவே ஓரமாக மேல்பக்கம் நடந்து பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான்.

பிப்ரவரி, மார்ச்சில் போவது நல்லது. வாரக்கணக்கில் மழையே இல்லாதபோதும் கால்வாயில் தண்ணீர் ஓடுகிறதென்றால் அது அநேகமாகச் சாக்கடைதான். எந்தக் குழாய் கலக்கிறது, எந்த மேன்ஹோல் பொங்குகிறது என்று போட்டோ எடுத்து இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். “ஏரி அசுத்தமாக இருக்கிறது” என்ற புகார் மேசை மேசையாகச் சுற்றும். “இந்தத் தெருமுனையில் இந்தக் குழாய்” என்று கன்னடத்தில் எழுதிக் கொடுத்தால், சாக்கடையையும் கவனிக்கும் குடிநீர் வாரியத்தில் யாராவது பதில் சொல்லியே ஆகவேண்டும்.

அடுத்தது தண்ணீர்ச் சோதனை. கரைந்த ஆக்சிஜனை அளக்கும் சின்ன கிட் கடையில் கிடைக்கிறது, ஆனால் நேரம் முக்கியம், பொழுது விடியும் முன்பே எடுங்கள். பகலில் பாசி ஆக்சிஜனை வெளிவிடுவதால் மதியம் அளந்தால் பாசி மண்டிய ஏரியும் நன்றாக இருப்பதுபோலத்தான் காட்டும். இரவு முழுக்க அதே பாசி ஆக்சிஜனை இழுத்துக்கொள்ள, மீன்கள் திணறுவது விடியற்காலையில். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மீன்வளத்துக்குச் சொல்லும் அளவு லிட்டருக்கு குறைந்தது 4 மில்லிகிராம். 2016 மார்ச்சில் நம் அல்சூர் ஏரியில் மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்ததை இந்தப் பக்கத்து ஜனங்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தால், சாக்கடையும் சோப்புத்தூளும் கொண்டுவரும் சத்து ஏரியில் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அள்ளியதைக் கரையிலேயே குவிக்க விடாதீர்கள், அழுகி எல்லாம் மறுபடி உள்ளேதான் போகும்.

சாக்கடையை ஏரியைச் சுற்றித் திருப்பிவிடுகிறோம் என்று அதிகாரிகள் சொல்வார்கள். உங்கள் ஏரி தப்பிக்கும், சரி, கீழே இருப்பவர்கள்? பெல்லந்தூர் ஏரி நிரம்பினால் வர்த்தூர் ஏரி, அதற்கப்புறம் தென்பெண்ணை ஆறு, ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணை. இங்கே நாம் தள்ளிவிடும் நுரை அங்கே நம் ஆட்களின் வயலுக்குத்தான் போகிறது. அதனால் ஜக்கூர் ஏரியில் இருப்பதுபோலக் கேளுங்கள்: சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணீர் முதலில் சம்புப் புல்லும் நாணலும் வளர்ந்த சதுப்பில் தேங்கி, அங்கே மிச்ச சத்தைக் கொஞ்சம் இழந்த பிறகே ஏரிக்குள் வருகிறது. தூர்வாரும் கான்ட்ராக்டர் கரை ஓரம்வரை ஒரே ஆழமாக வெட்டப் பார்த்தால் நிறுத்துங்கள், ஆழமில்லாத ஓரம்தான் நாணலுக்கும் பறவைகளுக்கும் இடம்.

வெள்ளத்துக்கு வருவோம். ஏரி என்றால் எப்போதும் ததும்ப வேண்டும் என்ற ஆசை நம்மிடம் இருக்கிறது, ஆனால் மழைக்காலத்துக்கு முன்னால் நீர்மட்டத்தைக் கொஞ்சம் இறக்கிவைத்தால்தான் பெருமழையை அது வாங்கிக்கொள்ளும். மதகு திறக்கிறதா, மிகுநீர் வழியும் கலங்கல் அடைபட்டிருக்கிறதா என்று மே மாதத்திலேயே பார்த்துவிடுங்கள்.

வீடோ மனையோ வாங்குகிறீர்களா? கர்நாடக அரசின் நில வரைபடச் செயலியான திஷாங்கில் சர்வே எண்ணைப் போட்டு, கெரே (ஏரி) எங்கே இருக்கிறது, ராஜகாலுவே எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். ஏரியைச் சுற்றி 75 மீட்டர் கட்டடம் கட்டாமல் விடவேண்டும் என்று பசுமைத் தீர்ப்பாயம் 2016-ல் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2019-ல் ரத்து செய்தது. சட்டம் எத்தனை மீட்டர் சொன்னாலும் தண்ணீர் தன் பழைய வழியில்தான் வரும். 2022 செப்டம்பரில் சர்ஜாபுர சாலைப் பக்கம் கோடிக்கணக்கில் விலைபோகும் வில்லாக்களில் இருந்தவர்களையும் டிராக்டரில்தான் ஏற்றி வெளியே கொண்டுவந்தார்கள். மனை தாழ்வாக இருந்து, பக்கத்தில் கால்வாய் திடீரென ஒடுங்குவது தெரிந்தால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.