தகரக் கூரையில் டிரான்ஸ்பரண்ட் ஷீட் போடுவது எப்படி? நெல்லைப் பக்கத்துக் காற்றுக்கும் மழைக்கும் ஏற்ற செய்முறை

உச்சிவெயில் நேரத்திலும் உள்ளே டியூப் லைட் எரிகிற தகரக் கொட்டகைகள் நம் பக்கம் நிறைய உண்டு. வீரவநல்லூரில் தறி ஓடும் இடமானாலும், பத்தமடையில் பாய் முடையும் இடமானாலும், வீட்டுப் பின்னாலுள்ள மாட்டுத் தொழுவமானாலும் நிலைமை ஒன்றுதான். பழைய ஓட்டு வீடுகளில் நாலு ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு பதித்தார்கள். தகரத்திலும் அதையே செய்யலாம். ஒரு தகர ஷீட்டைக் கழற்றிவிட்டு, அதே வடிவத்தில் வெளிச்சம் விடும் ஷீட்டை அங்கே நுழைக்க வேண்டும். தகரத்தை வெட்டிச் சட்டம் கட்டி, மேலே குமிழ் மாதிரிக் கண்ணாடி வைக்கும் முறையும் இருக்கிறது. ஆனால் முதன்முதலாகச் செய்பவர்கள் அதைத் தொட வேண்டாம். நாலு பக்கமும் வெட்டிய ஓரம் இருப்பதால் நாலு பக்கமும் ஒழுக வழி உண்டு.

ஒழுகலைத் தடுப்பது சிலிக்கான் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் தடுப்பவை இரண்டு: எந்த ஷீட் எதன்மேல் ஏறி நிற்கிறது என்ற வரிசையும், ஸ்க்ரூவுக்குப் போடும் ஓட்டையின் அளவும். இவை இரண்டும் சரியாக இருந்தால் சிலிக்கான் கூடுதல் காவல். தவறாக இருந்தால் எத்தனை டியூப் பிதுக்கினாலும் இரண்டாம் மழைக்காலம் தாண்டாது.

எத்தனை ஷீட், எந்தப் பக்கம்

கூரைப் பரப்பில் 5 முதல் 10 சதவீதம் வெளிச்சம் விட்டால் போதும். நம் வெயிலுக்குத் தொழுவம், சாமான் அறை போன்றவற்றுக்கு 5 சதவீதமே தாராளம். தறி, தையல், பட்டறை வேலை என்றால் 10ஐ ஒட்டிப் போகலாம். 20க்கு 30 அடிக் கொட்டகை என்று வைத்துக்கொள்வோம். தரைப் பரப்பு 600 சதுர அடி. நடுவில் முகடு, இருபக்கமும் 10 அடிச் சரிவு. ஒரு ஷீட் ஓவர்லாப் போக ஏறக்குறைய 3.3 அடி அகலம் மூடும். முகட்டிலிருந்து தாழ்வாரம் வரை ஒரே ஷீட் போட்டால் 33 சதுர அடி, அதாவது 5 சதவீதத்துக்குச் சற்று மேல். இரண்டு போட்டால் 11. தொழுவத்துக்கு ஒன்று, தறிக்கு இரண்டு.

திசை விஷயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வடக்குச் சரிவில் போட்டால் நேர் வெயில் விழாது என்று பல வழிகாட்டிகளில் இருக்கும். அது வடக்கே தொலைவிலுள்ள ஊர்களுக்கான கணக்கு. திருநெல்வேலி இருப்பது ஏறக்குறைய 8.7 டிகிரி அட்சரேகையில். சித்திரை பிறக்கும் சமயத்தில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, அதன்பின் ஆகஸ்ட் கடைசி வரை வடக்குப் பக்கமாகவே நிற்கிறது. ஆகவே கோடையில் வடக்குச் சரிவும் வெயில் வாங்கும். இங்கே பார்க்க வேண்டியது மேற்கைத்தான்: மேற்குச் சரிவில் போட்டால் பிற்பகல் வெக்கை நேராக உள்ளே இறங்கும். கிழக்குச் சரிவு இருந்தால் அங்கே போடுங்கள். இல்லையென்றால் வடக்கு. எந்தப் பக்கமானாலும் கண்ணாடி போல் தெளிவான ஷீட்டை வாங்காமல் பால் வெள்ளை ஷீட்டை வாங்குங்கள். வெளிச்சம் பரவலாக விழும், கண் கூசாது, நூலின் நிறமும் சரியாகத் தெரியும்.

கூரையின் இரு ஓரங்களிலும் முதல் ஷீட்டை மாற்றக் கூடாது. காற்று கூரையை மேல்நோக்கி இழுக்கும் வேகம் ஓரத்தில்தான் அதிகம். காற்றாலைகள் வரிசையாக நிற்கும் கயத்தாறு, பணகுடி, ராதாபுரம் வட்டாரங்களில் ஆனி ஆடி மேல்காற்றைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை. மூன்றாவது ஷீட்டிலிருந்து உள்ளே தள்ளிப் போடுங்கள்.

கூரைச் சரிவு 10 டிகிரிக்குக் குறையாமல் இருக்கட்டும். 10 அடி ஓட்டத்துக்கு 1¾ அடி ஏற்றம் இருந்தால் அது 10 டிகிரி.

எந்த ஷீட் வாங்குவது

கடையில் ஃபைபர், பாலிகார்பனேட் என்று இரண்டு வகை கிடைக்கும். ஃபைபர் ஷீட் விலை குறைவு. வெயிலில் விரிவதும் பாலிகார்பனேட்டை விடக் குறைவு. ஆனால் சில வருடத்தில் மஞ்சளித்து, மேல்தோல் தேய்ந்து, கண்ணாடி நார் வெளியே தெரியத் தொடங்கும். பாலிகார்பனேட் தேங்காய் விழுந்தாலும் சுலபத்தில் உடையாது. பாபநாசம், மணிமுத்தாறு பக்கம் குரங்கு குதிக்கும் கூரைகளுக்கு இதுதான் சரி. விலை கூடுதல், வெயிலில் விரிவதும் அதிகம். அந்த விரிவைக் கவனித்துப் பொருத்தினால் நீடித்து உழைக்கும் என்பதால் எங்கள் பரிந்துரை பாலிகார்பனேட்தான்.

வாங்கும் முன் உங்கள் தகர ஷீட்டின் வடிவத்தை ஓர் அட்டையில் வரைந்து வெட்டிக் கொண்டுபோங்கள். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல் இருந்தாலும் மேட்டுக்கு மேடு உள்ள இடைவெளி 195, 200, 250 மி.மீ. என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மேட்டின் உயரமும் மாறும். 5 மி.மீ. வித்தியாசம் இருந்தாலும் நாலைந்து மேடு தாண்டும்போது பக்கத்து ஷீட்டின் மேல் உட்காராது. அட்டை கடை ஷீட்டில் ஒட்டிப் பொருந்தினால் மட்டும் பணம் கொடுங்கள்.

கூரை கல்நார் ஷீட்டாக இருந்தால் இந்த வேலையில் இறங்க வேண்டாம். அதைக் கழற்றும்போதும் துளையிடும்போதும் வரும் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

வாங்க வேண்டியவை

11 அடி நீளமுள்ள ஒரு ஷீட்டுக்கு, பர்லின் (ஷீட்டைத் தாங்கிக் குறுக்கே ஓடும் இரும்புச் சட்டம்) நாலு வரிசை என்ற கணக்கில் சொல்கிறோம். 5.5 மி.மீ. தடிமனும் 65 மி.மீ. நீளமும் உள்ள, இரும்பைத் தானே துளைத்து இறங்கும் செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ 25 (மேட்டின் உயரம் 30 மி.மீ. என்றால் இந்த நீளம்). ஒவ்வொன்றுக்கும் அடியில் ரப்பர் ஒட்டிய 25 மி.மீ. அகல வாஷர். பக்க ஓவர்லாப்பைத் தைக்கும் குட்டி ஸ்க்ரூ 20, அதற்கும் ரப்பர் வாஷர். இரண்டு ஷீட்டுக்கு நடுவே ஒட்டும் ரப்பர் போன்ற பியூட்டைல் டேப் 10 மீட்டர். நியூட்ரல் சிலிக்கான் 1 டியூப். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கானை வாங்காதீர்கள், அது துத்தநாகப் பூச்சை அரிக்கும். மேட்டுக்கு அடியில் வைக்க, மேட்டின் உள்வடிவத்துக்கு வெட்டிய பிளாஸ்டிக் அல்லது கெட்டி ஃபோம் கட்டைகள் 20. முகட்டில் ஷீட்டுக்கும் முகட்டு மூடிக்கும் இடையே அடைக்க ஃபோம் பட்டை. வெள்ளை பெயின்ட் கொஞ்சம்.

கருவிகள்: வேகம் குறைக்கக்கூடிய டிரில், 8 மி.மீ. சாக்கெட், 10 மி.மீ. டிரில் பிட், தகரக் கத்தரி, அகலமான பலகை இரண்டு, கயிறும் இடுப்பு பெல்ட்டும்.

ஏறும் முன்

இந்த வேலையில் உயிர் போகிற விஷயம் ஒன்றுதான்: வெளிச்ச ஷீட்டின் மேல் கால் வைப்பது. தகரத்தில் பர்லின் போகும் கோட்டில், ஸ்க்ரூ வரிசை மேல் மட்டும் நடங்கள். புது ஷீட்டைத் தாண்ட வேண்டியிருந்தால் இரண்டு பர்லினில் உட்காரும்படி பலகை போட்டுக்கொள்ளுங்கள். பெல்ட் கயிற்றை முகட்டுக்கு எதிர்ப்பக்கத்து இரும்புச் சட்டத்தில் கட்டுங்கள். கீழே ஓர் ஆள் இருந்தே ஆக வேண்டும். ஆனி ஆடிக் காற்றில் 11 அடி ஷீட்டைத் தூக்கிக்கொண்டு ஏறக் கூடாது. மாசி, பங்குனி நல்ல காலம். காலை 7 மணிக்குத் தொடங்கினால் தகரம் சுடும் முன் கழற்றும் வேலை முடிந்துவிடும்.

பழைய ஷீட்டைக் கழற்றுதல்

முதலில் பக்கவாட்டு ஓவர்லாப்பை உற்றுப் பாருங்கள். ஒரு பக்கம் உங்கள் ஷீட் பக்கத்து ஷீட்டின் மேல் ஏறியிருக்கும். மறுபக்கம் பக்கத்து ஷீட்டுக்கு அடியில் நுழைந்திருக்கும். இதைச் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். புது ஷீட்டும் இதே வரிசையில்தான் உட்கார வேண்டும்.

முகட்டு மூடியில் அந்த இடத்து ஸ்க்ரூக்களைத் தளர்த்துங்கள். பிறகு மேலே ஏறியிருக்கும் பக்கத்து ஷீட்டின் ஓர மேட்டு ஸ்க்ரூக்கள், கடைசியாகக் கழற்ற வேண்டிய ஷீட்டின் எல்லா ஸ்க்ரூக்களும். ஷீட்டைத் தாழ்வாரப் பக்கமாகக் கீழே இழுத்தால் வந்துவிடும். கிரைண்டரால் அறுக்கவே கூடாது. தீப்பொறி விழுந்த இடமெல்லாம் கலர் பூச்சு பொசுங்கும், அங்கிருந்து துரு கிளம்பும்.

இப்போது பர்லினின் மேற்புறம் திறந்திருக்கும். அதைத் துடைத்து வெள்ளை பெயின்ட் அடியுங்கள். கறுத்த இரும்பு வெயிலில் கொதித்து, தன்மேல் படும் பாலிகார்பனேட்டை அந்தக் கோட்டில் மட்டும் நலியவைக்கும். ஷீட் போட்ட சில வருடத்தில் பர்லின் நெடுகப் பழுப்புக் கோடு விழுந்து விரிசல் விடுவதற்குக் காரணம் இதுதான்.

துளை போடுதல்

இங்கே அவசரப்படாதீர்கள். பாலிகார்பனேட் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி வெப்பத்துக்கு 0.065 மி.மீ. விரியும். இரும்பு 0.012. இரவில் 25 டிகிரியில் இருக்கும் கூரை பிற்பகலில் 65ஐத் தொட்டால் வித்தியாசம் 40. 11 அடி என்பது 3.35 மீட்டர். பாலிகார்பனேட் ஏறக்குறைய 9 மி.மீ. நீளும், அடியிலுள்ள இரும்பு 2 மி.மீ. கூட நீளாது. 5.5 மி.மீ. ஸ்க்ரூவை நேரடியாக இறக்கிவிட்டால் ஷீட் நகர இடமில்லாமல் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் நட்சத்திரம் போல் விரிசல் விடும். அதனால் துளை 10 மி.மீ. ஸ்க்ரூ துளையின் நடுவில் நிற்க வேண்டும். சுற்றிலும் 2 மி.மீ. சொச்சம் இடம் கிடைக்கும். இந்த அளவு 12 அடி நீளம் வரைதான் தாங்கும். அதற்கு மேல் சரிவு நீளமாக இருந்தால் ஷீட்டை இரண்டாகப் போடுங்கள்.

துளைகளைத் தரையிலேயே போட்டுவிடலாம். கழற்றிய தகர ஷீட்டையே அச்சாக வைத்துக் குறியுங்கள். ஆனால் ஒவ்வொரு குறியையும் சரிவுப் போக்கில் அரை அங்குலம் தள்ளி வையுங்கள். பர்லினில் பழைய ஸ்க்ரூ இருந்த ஓட்டையில் புது ஸ்க்ரூ பிடிக்காது. அடியில் மரக்கட்டை வைத்து, டிரில்லை மெதுவாக ஓட்டி, மேட்டின் உச்சியில் துளையிடுங்கள். முகட்டுப் பர்லினிலும் தாழ்வாரப் பர்லினிலும் காற்றின் இழுப்பு அதிகம். ஆகவே எல்லா மேட்டிலும் ஸ்க்ரூ வரட்டும். நடுப் பர்லின்களிலும் ஒன்றும் விடாமல் போடுவதே நல்லது. ஃபைபர் ஷீட் என்றால் முழுக்கைச் சட்டையும் மாஸ்க்கும் கட்டாயம். அந்தத் தூள் தோலில் பட்டால் அரிப்பு நாள் முழுக்க நிற்காது.

ஷீட்டை ஏற்றிப் பொருத்துதல்

பாலிகார்பனேட்டின் ஒரு முகத்தில் மட்டும் வெயிலைத் தாங்கும் பூச்சு இருக்கும். அந்த முகத்தைக் காட்டும் பிளாஸ்டிக் தாளும் எழுத்தும் ஒட்டியிருக்கும். அது வானத்தைப் பார்க்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் சில வருடத்திலேயே மஞ்சளித்து உடையும். பொருத்தி முடித்த அன்றே தாளை உரித்துவிடுங்கள். வெயிலில் காய்ந்தால் வராது.

புது ஷீட் ஏறப்போகும் தகர மேட்டின் மேல் நீளவாட்டில் பியூட்டைல் டேப் ஒட்டுங்கள். தாழ்வாரத்திலிருந்து ஷீட்டை மேல்நோக்கித் தள்ளி, ஒரு பக்கம் பக்கத்து ஷீட்டுக்கு அடியிலும் மறுபக்கம் தகரத்துக்கு மேலும் உட்காரவிடுங்கள். அடியில் நுழைந்த பக்கத்திலும் இரண்டு ஷீட்டுக்கும் இடையில் டேப் வேண்டும். மேல் நுனி முகட்டு மூடிக்கு அடியில் குறைந்தது 6 அங்குலம் போகட்டும். இரண்டு துண்டாகப் போடுகிறவர்கள், மேல் துண்டு கீழ்த் துண்டின் மேல் 9 அங்குலம் ஏறும்படி, குறுக்கே இரண்டு வரி டேப் ஒட்டிப் போடுங்கள்.

புதுக் கூரை போடுகிறவர்களுக்கு ஓவர்லாப்பின் வாய், அதாவது மேலே ஏறிய ஷீட்டின் திறந்த ஓரம், எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்ற கேள்வி வரும். தென்காசி, செங்கோட்டை அடிவாரத்தில் சாரல் மேல்காற்றோடு வருகிறது. அங்கே வாய் கிழக்கே பார்க்கட்டும். நெல்லை நகரம் தொடங்கித் திசையன்விளை, திருச்செந்தூர் வரை பெருமழை ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வருகிறது. அங்கே வாய் மேற்கே பார்க்கட்டும்.

ஒவ்வொரு துளைக்கு அடியிலும் மேட்டுக்குள் தாங்கு கட்டையை வைத்து, நடுப் பர்லினிலிருந்து தொடங்கி இரு முனைகளை நோக்கி ஸ்க்ரூ போடுங்கள். வாஷரின் ரப்பர் லேசாகப் பிதுங்கினால் நிறுத்திவிட வேண்டும். மேடு குழிந்தால் முறுக்கு அதிகம். அந்தக் குழியில் தண்ணீர் தேங்கி உள்ளே வரும். பிறகு பக்க ஓவர்லாப் நெடுக 1¼ அடிக்கு ஒரு குட்டி ஸ்க்ரூ. மேலே இருக்கும் பாலிகார்பனேட்டில் இதற்கும் துளையைப் பெரிதாக விடுங்கள். கடைசியாக முகட்டில் ஃபோம் பட்டையை வைத்து மூடியை இறுக்குங்கள். கூரையில் கிடக்கும் இரும்புத் துகளைப் பெருக்கி எடுத்துவிடுங்கள். இரவுப் பனிக்கே துருப்பிடித்துக் கறை விழும்.

தண்ணீர் விட்டுப் பார்த்தல்

2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. நம் கூரை எதிர்பார்க்க வேண்டியது அப்படிப்பட்ட மழையை. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்துத் திருப்தியடையாதீர்கள். ஹோஸ் பைப்பால் தாழ்வாரத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கிப் போங்கள். ஒவ்வோர் இடத்திலும் 10 நிமிடம். ஓர் ஆள் உள்ளே நின்று பார்க்கட்டும். மேலிருந்து தொடங்கினால் எங்கே ஒழுகுகிறது என்று பிரித்தறிய முடியாது.

ஸ்க்ரூ நுனியில் சொட்டினால் வாஷர் கோணலாக உட்கார்ந்திருக்கிறது அல்லது முறுக்கு கூடிவிட்டது. கழற்றி, புது வாஷரோடு போடுங்கள். பக்க ஓவர்லாப் நெடுகக் கசிந்தால் டேப் விட்டுப்போன இடம் உண்டு, இல்லையேல் மேடுகள் சரியாகப் பொருந்தவில்லை. மேல்பூச்சாகச் சிலிக்கான் தடவாமல் ஷீட்டைத் தூக்கி டேப்பை மாற்றுங்கள். மழையே இல்லாத மார்கழிக் காலையில் மட்டும் சொட்டுகிறதா? அது ஒழுகல் இல்லை. தொழுவத்தில் மாடுகளின் மூச்சும் ஈரமும் குளிர்ந்த ஷீட்டில் படிந்து வடிகிறது. முகட்டுக்குக் கீழே காற்றுப் போக்கி வைத்தால் நிற்கும்.

வருடத்துக்கொரு முறை, புரட்டாசியில், ஏணியில் நின்றபடி சோப்புத் தண்ணீரும் மெத்துத் துணியும் கொண்டு கழுவுங்கள். தின்னர், பெட்ரோல், ஆசிட் எதுவும் பாலிகார்பனேட்டில் படக் கூடாது. கழுவும்போதே வாஷர் ரப்பரை நகத்தால் அழுத்திப் பாருங்கள். வெடித்திருந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும்.