கடலோரத்தில் போர் விமான மாடல் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற கார்த்திகையில் உச்சிப்புளியிலிருந்து ஒரு கல்லூரி மாணவன், தான் செய்த ஸ்பிட்பயர் (இரண்டாம் உலகப்போர் காலத்து பிரிட்டிஷ் போர் விமானம்) மாடலைச் செய்தித்தாளில் சுற்றி, மண்டபத்தில் உள்ள என் வீட்டுக்குக் கொண்டுவந்தான். பிரித்துப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இறக்கை முழுவதும் அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றிக் காயவிட்டதுபோல் ஒரு வெள்ளைப் படலம். "அண்ணே, வார்னிஷ் சரியாகப் பிடிக்கவில்லை என்று நினைத்து மேலே இன்னொரு கோட்டிங் கொடுத்தேன்" என்றான். பல ஆண்டுகளுக்கு முன் நானும் அதையே நினைத்தேன், அதையே செய்தேன்.

கிட்டில் (மாடல் செய்யும் பாகங்கள் அடங்கிய பெட்டி) உள்ள பாகங்களைச் சட்டத்திலிருந்து பிய்த்து எடுக்காதீர்கள், பசையை அளவாக வையுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவற்றை விட்டுவிடுகிறேன். இந்தக் கடலோரத்தில் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

ஈரக்காற்றில் லேக்கர் வார்னிஷ்

மண்டபத்துக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வாடை அடித்தாலும் சோளகம் அடித்தாலும் காற்று கடலைத் தொட்டுத்தான் வீட்டுக்குள் வருகிறது. லேக்கர் வார்னிஷில் உள்ள தின்னர், அதாவது கரைப்பான், மிக வேகமாக ஆவியாகக்கூடியது. போகும்போது, பூசிய பரப்பின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். உள்ளங்கையில் சானிடைசர் ஊற்றினால் சில்லென்று இருக்கிறதே, அதே காரணம்தான். குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் நீராகப் படிகிறது, ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளர் வெளியே வியர்ப்பதைப்போல. வார்னிஷ் அப்போது இன்னும் ஈரமாகவே இருப்பதால் அந்த நீர் நுண்துளிகளாக உள்ளே சிக்கிக்கொள்கிறது. நாம் பார்க்கும் வெள்ளை அதுதான்.

எனக்கு இது நடந்தது ஒரு ஹரிகேனில், அதுவும் ஸ்பிட்பயர் காலத்து பிரிட்டிஷ் போர் விமானம்தான். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று கொழும்பைத் தாக்க வந்த ஜப்பானிய விமானங்களை எதிர்த்து, ரத்மலானை விமானத் தளத்திலிருந்தும் கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்தும் ஹரிகேன்கள் எழும்பின. நம் கரைக்கு எதிர்க்கரையில் நடந்த சண்டை என்பதால் அந்த விமானத்தின் மேல் எனக்குத் தனிப் பிரியம். 1:48 அளவில் (அசலில் 48-இல் ஒரு பங்கு), இறக்கை நுனியிலிருந்து நுனிவரை 25 சென்டிமீட்டர். நான்கு மாதம் உழைத்தேன். பச்சையும் பழுப்பும் சேரும் விளிம்பை மூன்று முறை அழித்துப் பூசினேன். டெக்கால்கள், அதாவது சின்னங்களும் எண்களும் அச்சிட்ட மெல்லிய ஒட்டுப்படங்கள், எல்லாம் ஒட்டியாகிவிட்டது. மேலே மங்கல் வார்னிஷ் ஒன்றுதான் பாக்கி. அன்று பகல் முழுவதும் மழை, மாலையில் விட்டது. மழைதான் நின்றுவிட்டதே என்று தெளித்தேன். பத்து நிமிடத்தில் இறக்கை உடலோடு சேரும் இடத்திலிருந்து வெண்மை பரவத் தொடங்கியது. கை பதறி, மேலே கனமாக இரண்டாவது கோட்டிங் கொடுத்தேன். விடிந்து பார்த்தால் பச்சையும் இல்லை, பழுப்பும் இல்லை. துணியில் தின்னர் தொட்டுத் துடைத்தேன். எண்களும் எழுத்துகளும் துணியோடு வந்துவிட்டன. கிட்டில் இருப்பது ஒரே ஒரு டெக்கால் தாள். அதே தாளை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கக் கிட் விலையில் பாதிக்கு மேல் செலவானது.

அந்த இரண்டாவது கோட்டிங்தான் என்னால் இன்றும் பொறுக்க முடியாத தவறு. முதல் வெண்மையைக் காப்பாற்றிவிடலாம். கையை எடுத்துவிட்டு, மாடலை மூடிவைத்து, நல்ல வெயில் அடிக்கும் ஒரு நண்பகல் வரும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு, மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் கலந்த தின்னரை மட்டும் ஏர்பிரஷில் (கம்ப்ரசர் காற்றால் பெயிண்டைத் தெளிக்கும் சிறு கருவி) ஊற்றி, தூரத்தில் நின்று பனிபோல் தெளிக்க வேண்டும். இறுகிய படலம் சற்று இளகும், சிக்கிய ஈரம் வெளியேறும், வெண்மை கண்ணெதிரே மறையும். மேலே கனமாக ஒரு கோட்டிங் ஏறிவிட்டால் ஈரம் ஆழத்தில் போய்விடுகிறது. தெளிக்கும் தின்னர் அவ்வளவு தூரம் இறங்குவதில்லை. அந்த மாணவனின் ஸ்பிட்பயரில் இடது இறக்கை தெளிந்துவிட்டது. வலது இறக்கையில்தான் அவன் தாராளமாக அடித்திருந்தான். அது தெளியவே இல்லை.

பாம்பனில் வள்ளத்துக்குப் பெயிண்ட் அடிக்கும் ஒரு பெரியவர், விடிகாலையில் வந்துவிட்டாலும் டப்பாவைத் திறக்கமாட்டார். பலகையைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். பனி காய்ந்திருந்தால்தான் வேலை தொடங்கும். நமக்கு அந்தக் கைப்பழக்கம் கிடையாது. ஆகவே ஈரப்பதம் காட்டும் சிறிய மீட்டர் ஒன்றை வாங்கி மேசையில் வையுங்கள். 70 சதவீதத்தைத் தாண்டினால் நான் லேக்கரைத் தொடுவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வார்னிஷ் மட்டும்தான். அது காய நேரமாகும், ஆனால் இப்படி வெளுக்காது.

கம்ப்ரசரில் சேரும் தண்ணீர்

ஒவ்வொரு முறையும் வடித்துவிடுங்கள்.

ஹார்டுவேர் கடை என்.சி. தின்னர்

ஏர்பிரஷ் கழுவ மட்டும். பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும்.

விமானியின் கண்ணாடிக் கூட்டுக்கு சூப்பர் க்ளூ

அதன் ஆவி கண்ணாடியின் உட்புறம் வெள்ளையாகப் படியும். கூட்டை ஒட்டியபின் அங்கே கை நுழையாது. மரவேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசையே போதும். காய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது.

துணியின் மேல் வெள்ளிக் கீறல்

பழைய விமானம் என்று காட்டுவதற்காக, பெயிண்ட் உரிந்து அலுமினியம் தெரிவதுபோல் உடல் முழுக்க வெள்ளி நிறத்தில் கீறுகிறார்கள். ஹரிகேனின் பின்னுடல் உலோகத் தகடு அல்ல. உள்ளே உலோகக் குழாய்ச் சட்டம், மேலே மரப்பட்டிகள், அதன்மேல் இழுத்துக் கட்டிய துணி. அங்கே உரிந்தால் வெள்ளி எப்படித் தெரியும்? எஞ்சின் மூடியிலும், விமானி கால் வைத்து ஏறும் இறக்கை ஓரத்திலும் கீறுங்கள். ஸ்பிட்பயர் உடல் முழுக்கத் தகடு என்பதால் அதில் பின்பக்கமும் கீறலாம்.

பர்மாப் போர்முனை விமானத்தில் சிவப்பு வட்டம்

1944-இல் இம்பாலில் அர்ஜன் சிங் தலைமையில் பறந்த இந்திய விமானப்படையின் முதல் ஸ்குவாட்ரன் ஹரிகேனைச் செய்ய இங்கே பலருக்கு ஆசை. செய்துமுடித்துவிட்டு, கிட்டில் இருக்கும் ஐரோப்பியச் சின்னத்தை, நடுவில் சிவப்புள்ள வட்டத்தை ஒட்டிவிடுகிறார்கள். ஜப்பானிய விமானங்களின் சின்னமே சிவப்பு வட்டம். நம் பக்க விமானத்தை எதிரி என்று எண்ணிச் சுட்டுவிடக் கூடாது என்று இந்தப் போர்முனையில் சிவப்பை நீக்கிவிட்டார்கள். நீலமும் வெள்ளையும், அல்லது கருநீலமும் இளநீலமும் கொண்ட டெக்காலைத் தனியாக வாங்குங்கள். நாள் முக்கியம்: 1942 ஈஸ்டர் ஞாயிறு ஹரிகேன் என்றால், அது சிவப்பை நீக்குவதற்கு முந்தைய காலம், சிவப்பு இருக்க வேண்டும்.