முதல் உலகப் போர் விமானிகளின் சாவுக் கணக்கு: எழுதும்போது எங்கே சறுக்குகிறோம்?

முதல் உலகப் போரின் விமானிகளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கை தானாக ஜெர்மன் விமானி ரிக்டோஃபனிடம் போகும். சிவப்பு விமானம், 80 வெற்றி (அதாவது வீழ்த்திய எதிரி விமானங்கள்), ஒற்றைக்கு ஒற்றைச் சண்டை. சரி, எழுதலாம். ஆனால் செத்தவர்கள் எல்லாம் அப்படிச் சண்டையில்தான் செத்தார்கள் என்று போய்விடக் கூடாது. பெரிய பெயர்களையே பாருங்கள். ஜெர்மனியின் போல்க்கே 1916 அக்டோபரில் தன் அணிக்காரர் ஒருவரின் விமானம் மோதியதால் விழுந்தார். பிரிட்டனின் மெக்கடன் 57 வெற்றி கண்டவர். 1918 ஜூலையில் தரையை விட்டுக் கிளம்பிய சற்று நேரத்திலேயே விமானம் விழுந்து இறந்தார். அப்போது எதிரி யாரும் பக்கத்தில் இல்லை. ரிக்டோஃபனைக் கொன்றதே தரையிலிருந்து வந்த தோட்டா என்பதுதான் இன்று பலர் முடிவு.

விபத்தையும் பயிற்சியையும் விட்டுவிட்டால் கணக்கே தப்பாகிவிடும். பிரிட்டனின் சாப்வித் கேமல் என்ற சண்டை விமானத்தில் எஞ்சினே புரொப்பெல்லரோடு சேர்ந்து சுழலும். அந்த வேகத்தில் வலப்பக்கம் திருப்பினால் மூக்கு கீழே இழுக்கும், இடப்பக்கம் திருப்பினால் மேலே தூக்கும். தேர்ந்த கைக்கு அது வரம். புதியவர் கொஞ்சம் அசந்தால் விமானம் பம்பரமாகச் சுற்றிக்கொண்டே தரைக்கு வந்துவிடும். அதிலிருந்து மீள்வதை முறையாகச் சொல்லிக்கொடுக்கும் பள்ளியை பிரிட்டிஷ் அதிகாரி ஸ்மித்-பாரி இங்கிலாந்தின் கோஸ்போர்ட்டில் தொடங்கியதே 1917இல்தான். கல்கத்தாவில் பிறந்து பிரிட்டன் படையில் பறந்த இந்திரலால் ராயும் 1917 டிசம்பரில் ஒரு விமான விபத்தில் சிக்கியவர். தேறி வந்து, 1918 ஜூலையில் இரண்டே வாரத்தில் 10 வெற்றி. அதே மாதம் 22ஆம் தேதி சண்டையில் இறந்தபோது வயது 19.

அடுத்தது ‘இரத்த ஏப்ரல்’. 1917 ஏப்ரலில் பிரான்சில் நடந்த அராஸ் போரின்போது பிரிட்டன் 245 விமானங்களை இழந்தது, ஜெர்மனி 66. இந்த 245ஐ அப்படியே எதிரி விமானத்தோடு மோதும் ‘சண்டை விமானங்கள்’ என்று எழுதிவிடுகிறார்கள். படம் எடுக்கவும் பீரங்கிக்குக் குறி சொல்லவும் போன இரட்டை இருக்கை விமானங்கள்தான் அதில் நிறைய. அந்த வகையான பிரிட்டனின் பி.இ.2 விமானத்தில் துப்பாக்கி பிடிப்பவர் முன்னால் உட்கார்ந்திருப்பார். எந்தப் பக்கம் சுடப் போனாலும் இறக்கையும் கம்பியும் மறிக்கும். இன்னொன்று, அந்த ஒரு மாதத்தில் விமானிகள் தாக்குப்பிடித்த சராசரி நாட்களை நான்கு வருடப் போருக்கும் நீட்டாதீர்கள். சராசரி என்பதே ஏமாற்று வேலை. முதல் சில பறத்தல்களில்தான் ஆபத்து அதிகம். அதைத் தாண்டியவர்கள் பல மாதம் பறந்தார்கள்.

அப்புறம் பாராசூட். விமானி கோழையாகிவிடுவான் என்றுதான் பிரிட்டன் கொடுக்கவில்லை என்பார்கள். வேவு பார்க்கும் பலூனில் இருந்தவர்களுக்குப் பாராசூட் இருந்தது. ஆனால் அது எடை கூடியது, இடத்தை அடைப்பது. குறுகலான விமானத்தில் வைப்பது லேசான காரியமில்லை. இதைச் சொல்லாமல் பழியை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். 1918இல் ஜெர்மானியர்கள் பயன்படுத்தத் தொடங்கினார்கள். ஜூன் 29 அன்று ஜெர்மன் விமானி உடேட் குதித்தபோது பாராசூட்டின் பட்டை விமானத்தின் சுக்கானில் மாட்டிக்கொண்டது. போராடி விடுவித்துக்கொண்டார், குடை விரிந்தபோது தரை கிட்டத்தட்ட வந்துவிட்டிருந்தது.