வேதாகமம் வாசிக்க டேப்லெட்: அங்குலத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்

எங்கள் சபையின் வேதபாட வகுப்பில் டேப்லெட்டோடு வருகிறவர்கள் பெருகிவிட்டார்கள். வாங்குவதற்கு முன் என்னிடம் கேட்பவர்கள் சிலர்தான். வாங்கிய பிறகு, "அண்ணே, இதைக் கொஞ்சம் என்னவென்று பாருங்கள்" என்று கொண்டுவருகிறவர்களே அதிகம். பத்தாயிரத்துக்கும் இருபதாயிரத்துக்கும் இடையில் செலவழிக்க நினைக்கிறவர்கள் தடுக்கி விழும் இடங்கள் வருஷா வருஷம் மாறுவதே இல்லை. எல்லாம் நானும் கடந்துவந்த வழிதான் என்பதால் கோபத்தை அடக்கிக்கொள்கிறேன்.

உறை போடுங்கள், திரையில் கண்ணாடி ஒட்டுங்கள், பில்லைப் பத்திரமாக வையுங்கள் என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதைக் கடைக்காரரே சொல்லிவிடுவார். முதல் இரண்டில் அவருக்கு லாபமும் உண்டு.

## அங்குலத்தை மட்டும் கேட்பது

"பத்து இஞ்ச் இருக்கிறதா?" கடையில் நம் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பெரும்பாலும் கடைசிக் கேள்வியும் இதுதான்.

ஓய்வுபெற்ற உபதேசியார் ஒருவருக்கு மகன் இணையத்தில் பத்து அங்குல டேப்லெட் ஒன்றை வாங்கி அனுப்பியிருந்தார். கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், பெரிய திரை என்றால் அப்பாவுக்குச் சுலபமாக இருக்கும் என்று மகன் நினைத்ததில் தவறில்லை. ஆராதனை முடிந்ததும் பெரியவர் என்னை ஓரமாக அழைத்தார். "தம்பி, எழுத்து பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் அரை மணி நேரம் வாசித்தால் கண் வலிக்கிறது. கண்ணாடியை மாற்ற வேண்டுமோ?"

வாங்கிப் பார்த்தேன். சங்கீதம் 119 திறந்திருந்தது. எழுத்துகளின் வளைவெல்லாம் பிசிறு தட்டியிருந்தன. வசன எண்களில் 6 எது, 8 எது என்று எனக்கே உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது. அமைப்புகளுக்குள் போய்ப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை, ஆனாலும் பார்த்தேன். 10.1 அங்குலத் திரை, 1280 x 800. "ஐயா, உங்கள் கண்ணில் குறை ஒன்றுமில்லை" என்றேன். மறுநாள் கண் மருத்துவரிடம் போக நேரம் வாங்கி வைத்திருந்தார் அவர்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். திரையில் எழுத்து தெளிவாகத் தெரிவதும் தெரியாததும் அதன் அளவால் வருவதில்லை. ஓர் அங்குலத்துக்குள் எத்தனை படப்புள்ளிகள் (பிக்சல்) இருக்கின்றன என்பதால் வருகிறது. 1280 x 800 படப்புள்ளிகளை 10.1 அங்குலத்தில் பரப்பினால் அங்குலத்துக்கு 150 புள்ளிகூடத் தேறாது. அதே 1280 x 800 எட்டு அங்குலத் திரையில் இருந்தால் 189. சாம்சங் 2023இல் விட்ட கேலக்ஸி டேப் ஏ9 8.7 அங்குலம், 1340 x 800. அதில் ஏறக்குறைய 180. அதன் அண்ணனான ஏ9 பிளஸ், ரெட்மி பேட் எஸ்.இ. போன்ற 11 அங்குல டேப்லெட்களில் 1920 x 1200, அங்கே 206. அமேசானின் மின்னூல் வாசிக்கும் கருவியான கிண்டில் பேப்பர்வைட்டில் 300. அதாவது, தெளிவைக் கூட்டாமல் திரையை மட்டும் பெரிதாக்கினால், அதிகப் பணம் கொடுத்து மங்கலான எழுத்தை வாங்குகிறீர்கள்.

ஆங்கிலம் வாசிப்பவர்கள் 150 புள்ளியில் ஒப்பேற்றிவிடுவார்கள். தமிழுக்கு அது போதாது. மெய்யெழுத்தின் தலையில் ஒரு பொட்டு. கிகரத்துக்கும் கீகாரத்துக்கும் நடுவே ஒரு சின்னச் சுழி. ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் அதே கதை. இவை எல்லாம் ஒன்றிரண்டு படப்புள்ளிகளுக்குள் அடங்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் இணையத்தில் ஆங்கிலத்தில் வரும் மதிப்புரைகளில் "வாசிக்க அருமையாக இருக்கிறது" என்று எழுதியிருப்பதை நான் சட்டை செய்வதே இல்லை. எழுதியவர் எந்த மொழியை வாசித்தார்?

"எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டால் போயிற்று" என்று உடனே ஒருவர் சொல்வார். பெரிதாக்கலாம். பிறகு திரையில் ஐந்தாறு வசனங்கள்தான் நிற்கும். அச்சு வேதாகமத்தில் ஓர் அதிகாரம் முழுவதும் கண்முன் விரிந்து கிடக்கும். "ஆகையால்" என்று வசனம் தொடங்கினால், எதைக் குறித்துச் சொல்கிறது என்று அதே பக்கத்தில் மேலே பார்த்துக்கொள்ளலாம். இங்கே விரலால் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். போதாக்குறைக்கு, சில செயலிகளில் வசனத்தின் எழுத்து மட்டும்தான் பெரிதாகும். அடிக்குறிப்பும் ஒத்தவாக்கியமும் பழைய அளவிலேயே கிடக்கும். ஆராய்ந்து படிக்கிறவருக்கு அவைதானே முக்கியம்?

ஸ்கேன் செய்த நூல்கள் இன்னும் மோசம். பழைய விளக்கவுரைகளும் அகராதிகளும் பெரும்பாலும் பக்கங்களைப் படம்பிடித்த பி.டி.எஃப்.ஆகவே கிடைக்கின்றன. அதில் எழுத்தைத் தனியே பெரிதாக்க வழியில்லை, பக்கத்தையே இழுத்துப் பெரிதாக்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமுமாக நகர்த்தி வாசித்துப் பாருங்கள், இரண்டாம் பக்கத்தில் மூடி வைத்துவிடுவீர்கள். இத்தகைய நூல்கள் உங்களுக்கு வேண்டுமென்றால் 11 அங்குலம் நியாயம்தான், 1920 x 1200க்குக் குறையாமல் இருந்தால்.

எனக்கு எரிச்சல் வருவதற்குக் காரணம், இது ஒரே நிமிஷத்தில் கண்டுபிடிக்கக்கூடிய குறை. கடையில் அருவியும் கிளியும் ஓடும் வீடியோவைப் போட்டு வைத்திருப்பார்கள். அதில் எந்தத் திரையும் அழகாகத்தான் இருக்கும். தெளிவு எப்படி என்று கேட்டால் "எச்.டி. சார்" என்பார்கள். 1280 x 800ஐத்தான் பல பெட்டிகளில் எச்.டி. என்று அச்சடிக்கிறார்கள். வீடியோவை நிறுத்தச் சொல்லுங்கள். உங்கள் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, பிரவுசரில் தமிழ் வேதாகமத்தைத் திறந்து, டேப்லெட்டை நெட்டுக்குத்தாகப் பிடித்து, நீங்கள் வழக்கமாக வாசிக்கும் எழுத்தளவில் 119ஆம் சங்கீதத்தை ஓட்டிப் பாருங்கள். 176 வசனம் இருக்கிறது, நகர்த்தும்போது திரை திக்குகிறதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். மெய்யின் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அடுத்த கேள்விக்குப் போகலாம்.

## கையில் பிடித்துப் பார்க்காமல் அளவைத் தீர்மானிப்பது

சபையில் எழுந்து நின்று வேதபாடம் வாசிக்கிறவருக்கு ஒரு கையில் மைக் இருக்கும். மற்றொரு கையால் 480 கிராம் எடையுள்ள 11 அங்குலத்தை ஓர் அதிகாரம் முடியும்வரை பிடித்து நிற்க வேண்டும். 8.7 அங்குலம் 330 கிராம்தான். தமிழையும் ஆங்கிலத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து மேசையில் படிக்கிறவருக்குப் பெரியது வேண்டும். இரண்டு வேலைக்கும் ஒன்றே போதும் என்று நடுவில் எதையாவது வாங்குகிறவர்கள் இரண்டையும் அரைகுறையாகத்தான் செய்கிறார்கள்.

## செயலியைப் பார்க்காமல் கருவியை வாங்குவது

கணினியில் பல வருஷம் ஈ-ஸ்வார்டு என்ற வேதாகம ஆய்வு மென்பொருளைப் பயன்படுத்திய போதகர்கள் நம்மிடையே நிறையப் பேர். டேப்லெட் வாங்கியதும் அதைத்தான் தேடுவார்கள். விண்டோசுக்கு உண்டு, ஐபேடுக்கு உண்டு, ஆண்ட்ராய்டுக்கு இல்லை. அங்கே மைஸ்வார்டு, ஆண்ட்பைபிள் என்று வேறு செயலிகள் இருக்கின்றன, நல்லவையும்கூட. ஆனால் ஈ-ஸ்வார்டில் சேர்த்து வைத்த கோப்புகளை அப்படியே தூக்கி அவற்றில் போட முடியாது.

இணையம் இல்லாமல் வாசிக்கலாம் என்று நம்புவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. யூவெர்ஷன் என்ற வேதாகமச் செயலியில் எல்லா மொழிபெயர்ப்புகளையும் இறக்கி வைத்துக்கொள்ள முடியாது; உரிமை வைத்திருப்பவர் அனுமதித்தவற்றைத்தான் முடியும். உங்களுக்கு வேண்டியது அதில் சேருமா என்று கைப்பேசியிலேயே பார்த்துவிட்டு டேப்லெட்டுக்குப் பணம் கட்டுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் அன்போடு கொண்டுவரும் அமேசான் ஃபயர் டேப்லெட்டில் கூகுள் பிளே ஸ்டோர் கிடையாது. அமேசானின் சொந்த ஸ்டோரில் இருப்பவைதான் கிடைக்கும். கிண்டிலில் செயலி எதையும் போட முடியாது. முதலிலிருந்து கடைசிவரை வாசித்துக்கொண்டு போக கிண்டிலைப் போல் கண்ணுக்கு இதமானது வேறில்லை. ரோமர் நிருபத்திலிருந்து ஏசாயாவுக்கும் அங்கிருந்து ஆபகூக்குக்கும் தாவித் தாவிப் படிக்கிறவர் பொறுமையிழந்துவிடுவார்.

## பெயர் தெரியாத கருவியின் பெட்டியை நம்புவது

பெட்டியில் 8 ஜி.பி. ரேம் என்று இருக்கும். உள்ளே 4தான், மீதி 4 சேமிப்பிலிருந்து கடன் வாங்கியது. வாசிப்புக்கு 4 போதும், ஆனால் இதிலேயே வார்த்தை ஜாலம் காட்டுகிறவர் வேறு எதில் காட்டியிருப்பார் என்று யோசியுங்கள். ஆண்ட்ராய்டு பதிப்பு எது, எத்தனை வருஷம் பாதுகாப்புப் புதுப்பிப்பு தருவார்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வேண்டாம். பழைய ஆண்ட்ராய்டில் டேப்லெட் கெட்டுப்போகாது. செயலிகள்தான் ஒவ்வொன்றாகக் கைவிடும். பிளே ஸ்டோரின் அமைப்புகளில், அறிமுகம் என்ற பகுதியின் அடியில் சாதனம் சான்றளிக்கப்பட்டதா என்று எழுதியிருக்கும். அதையும் பாருங்கள்.

## 256 ஜி.பி. சேமிப்பு

தேவையில்லை. வேதாகமத்தின் எழுத்து முழுவதும் கைப்பேசியில் எடுக்கும் சில படங்களின் அளவுதான். இடத்தை அடைப்பது ஒலி வேதாகமமும் பிரசங்க வீடியோவும். அவற்றுக்கு மெமரி கார்டு போடும் வசதி இருந்தால் போதும்.

## சிம் போடும் மாடல்

கையில் கைப்பேசி இருக்கிறவருக்கு வீண் செலவு.

## ரப்பர் நுனிப் பேனா

விரலே மேல்.

## விளம்பரம் வரும் இலவசச் செயலி

திருவிருந்து ஆராதனையின் நடுவே சூதாட்ட விளம்பரம் சத்தமாகப் பாடியதை நான் கேட்டிருக்கிறேன். வேறு செயலிக்கு மாறுங்கள்.

## செயலியின் கணக்கில் நுழையாமல் குறிப்பு எழுதுவது

டேப்லெட் போனால் குறிப்பும் போகும்.

## பண்டிகைக்கென்று பூட்டி வைப்பது

தீபாவளித் தள்ளுபடியில் வாங்கி, கிறிஸ்துமஸ் பரிசு என்று அலமாரியில் பூட்டி வைக்கிறவர்கள் உண்டு. டிசம்பர் 25 அன்று பெட்டியைத் திறக்கும்போது திருப்பிக் கொடுக்கும் கெடு எப்போதோ முடிந்திருக்கும். உபதேசியாரின் மகன் வாங்கியதும் இப்படித்தான்; மாற்றித் தாருங்கள் என்று கேட்க வழியில்லாமல் போயிற்று. பெட்டி வந்த அன்றே பிரியுங்கள். சாயங்காலம் வீட்டு விளக்கொளியில் ஒரு மணி நேரம் தொடர்ந்து வாசியுங்கள். வெளிச்சத்தைக் குறைத்தால் திரை சிமிட்டுகிறதா, ஓரங்களில் கறுக்கிறதா, வைஃபையை அணைத்த பிறகும் அதிகாரங்கள் திறக்கின்றனவா என்று பாருங்கள். சரியாக இருந்தால் திரும்ப மடித்துப் பரிசுத் தாள் சுற்றிக்கொள்ளலாம். பெட்டி பிரிந்திருக்கிறதே என்று பெரியவர்கள் யாரும் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.