சத்தத்தைக் குறையுங்கள்: டிஜிட்டல் ஹாம் ரேடியோவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலி) உரிமம் எடுத்த இரண்டு நண்பர்கள் ஒரே மாதத்தில் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "எல்லா நிலையமும் எனக்கு நன்றாகக் கேட்கிறது. நான் கூப்பிட்டால்தான் ஒருத்தரும் பதில் சொல்வதில்லை. பவரை இன்னும் கொஞ்சம் ஏற்றட்டுமா?" சில வருடங்களுக்கு முன் நானும் இதையேதான் கேட்டேன். கேட்டதோடு நிற்காமல் ஏற்றியும் பார்த்தேன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

கம்ப்யூட்டரை ரேடியோவோடு இணைத்துப் பேசும் முறைகள்தான் இந்தப் பொழுதுபோக்கில் கைக்கு அடக்கமானவை. ஒரு பழைய கம்ப்யூட்டர், அனுப்பவும் கேட்கவும் உதவும் செகண்ட் ஹேண்ட் ரேடியோ (டிரான்சீவர்) ஒன்று, மரத்துக்கு மரம் கட்டிய ஒரு கம்பி, மென்பொருள் இலவசம். இவற்றில் ஒன்றான, சிறு செய்திகளை ஒலியாக்கி அனுப்பும் எஃப்டி8 முறையை ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கேயும் 2017-இல் வெளியிட்டார்கள். பெயரில் உள்ள எஃப், டி இரண்டும் அவர்களுடைய எழுத்துகள்தான். டெய்லர் 1993-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு வாங்கியவர். மிக மெல்லிய சமிக்ஞையை இரைச்சலுக்குள்ளிருந்து தோண்டி எடுப்பதற்கென்றே செய்யப்பட்ட முறை இது. இதில் போய் நாம் கத்துகிறோம்.

கேபிளை மாற்றிச் செருகுவது, கால்சைனை (நிலையத்தின் அடையாளப் பெயரை) தப்பாக அடிப்பது எல்லாம் பத்து நிமிடத்தில் தானாகத் தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கம்ப்யூட்டரின் 'டிங்' சத்தம் உலகம் முழுக்கப் போவது

ரேடியோவுக்குப் போகும் சவுண்ட் கார்டே கம்ப்யூட்டரின் பொது ஸ்பீக்கராகவும் இருந்தால், மின்னஞ்சல் வந்த மணியோசையும் ஆன்டெனா வழியாகப் போகும். குரலைக் கேட்டதும் தானே டிரான்ஸ்மிட்டுக்கு மாறும் 'வாக்ஸ்' வைத்திருந்தால் இன்னும் மோசம். ஒருநாள் ஏதோ ஒரு வீடியோவைத் திறந்துவிட்டு, ரேடியோவில் சிவப்பு விளக்கு ஏன் எரிகிறது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். மலிவான தனி யூ.எஸ்.பி. சவுண்ட் கார்டு ஒன்றை ரேடியோவுக்கு மட்டும் ஒதுக்கிவிடுங்கள். கணினியின் அறிவிப்பு ஒலிகள் வேறு வழியாகப் போகட்டும்.

ஒலியளவை நூற்றில் வைப்பது

இதுதான் எனக்கு இன்றும் எரிச்சல் தருவது.

அப்போது என்னிடம் இருந்தது 100 வாட் என்று எழுதிய பழைய டிரான்சீவர். கம்ப்யூட்டரின் வால்யூம் நூறு, மென்பொருளின் பவர் ஸ்லைடர் உச்சியில், ஒலி அளவு மீறுவதைக் காட்டும் ரேடியோவின் ஏ.எல்.சி. முள் வலது ஓரத்தில். மீட்டர் முழுதாக ஏறினால் நல்லது என்று நினைத்தேன். ஒரு மாலை, வெகு தூரத்திலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் தன் வாட்டர்ஃபால் திரையை (எந்த அலைவரிசையில் யார் வருகிறார் என்று காட்டும் திரை) படமெடுத்து அனுப்பினார். "நீங்கள் மூன்று இடத்தில் தெரிகிறீர்கள்" என்று மட்டும் எழுதியிருந்தார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. மூன்று இடத்தில் தெரியும் அளவுக்கா வலுவாகப் போகிறது!

நடந்தது இதுதான். எஃப்டி8 சமிக்ஞையின் அகலம் 50 ஹெர்ட்ஸ் மட்டுமே. குரல் பேச வைத்திருக்கும் ஒரே சேனலுக்குள் பல டஜன் பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார முடிவது அதனால்தான். ஒலியை அளவுக்கு மீறி ஏற்றினால் அலை நசுங்கி, அதன் மடங்குகளிலும் ஒலி பிறக்கும். நான் 600 ஹெர்ட்ஸில் அனுப்பிக்கொண்டிருந்தேன். என் பேய்கள் 1200-இலும் 1800-இலும் நின்றன. அந்த இடங்களில் யாரோ ஒருவர் மெல்லிய குரலில் கூப்பிட்டுக்கொண்டிருந்திருப்பார். அவர் மேல் நான் உட்கார்ந்திருந்தேன்.

மென்பொருளில் 'ஸ்ப்ளிட்' என்றொரு வசதி உண்டு. அது அனுப்பும் ஒலியை எப்போதும் 1500-க்கும் 2000-க்கும் நடுவில் வைத்துக்கொண்டு, ரேடியோவின் அலைவரிசையை நகர்த்திக்கொள்ளும். அப்போது இரண்டாம் மடங்கு 3000-ஐத் தாண்டி ரேடியோவின் ஃபில்டருக்கு வெளியே விழுந்துவிடும். அதை இயக்கி வையுங்கள். ஆனால் ஒலியளவைக் கவனிப்பதற்கு அது மாற்று அல்ல.

படம் வந்த பிறகும் நான் குறைக்கவில்லை. ஒரு வாரம் கழித்து, பாண்ட் (அலைவரிசைப் பட்டை) நன்றாகத் திறந்து தூரத்து நிலையங்கள் கேட்ட ஓர் இரவில், சுடச்சுட ஒரு வாடை வந்தது. மீட்டர் விழுந்தது. ஆன்டெனாவுக்குப் பவர் தரும் ஃபைனல் டிரான்சிஸ்டர்கள் போய்விட்டன. அந்த மாடலுக்கு உதிரி பாகம் கிடைப்பது அரிது. கிடைத்தபோது ரேடியோ வாங்கிய விலையில் பாதி கேட்டார்கள்.

குரலில் பேசும்போது சொல்லுக்குச் சொல் இடைவெளி உண்டு, டிரான்சிஸ்டர் மூச்சு விடும். எஃப்டி8-இல் நாம் அனுப்பும் ஒவ்வொரு 15 வினாடிச் சுற்றிலும் 12.64 வினாடி இடைவிடாமல் முழுப் பவரில் போகும். அடுத்த சுற்றில் கேட்டுவிட்டு மறுபடியும் அதே. குரலுக்கு என்று 100 வாட் போட்டிருக்கும் பெட்டியை இதில் 25, 30 வாட்டுக்கு மேல் ஓட்டாமல் இருப்பது நல்லது.

குறைத்தால் கேட்காதே என்பீர்கள். கணக்கைப் பாருங்கள். 100 வாட்டை 25 ஆக்கினால் குறைவது 6 டெசிபெல். உங்கள் சமிக்ஞையின் வலு -8 டெசிபெல் என்று ரிப்போர்ட் தந்தவர் இனி -14 என்று தருவார். எஃப்டி8 கிட்டத்தட்ட -20 வரை படிக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

அமைக்கும் முறை சுலபம். ஆன்டெனாவுக்குப் பதில் டம்மி லோடு (பவரை வெளியே அனுப்பாமல் வெப்பமாக்கும் சோதனைக் கருவி) இருந்தால் மாட்டுங்கள். குரலை வலுவாக்கும் ஸ்பீச் பிராசஸரை அணையுங்கள். ரேடியோவில் வேண்டிய பவரை வைத்து, மென்பொருளின் ஸ்லைடரைக் கீழே இறக்கி, 'டியூன்' அழுத்துங்கள். மெதுவாக ஏற்றுங்கள். பவர் ஏறுவது நின்று ஏ.எல்.சி. அசையத் தொடங்கும் இடம் ஒன்று வரும். அதற்குக் கொஞ்சம் கீழே நிறுத்துங்கள். பாண்ட் மாற்றினால் மறுபடியும் பாருங்கள். சில ரேடியோக்களில் ஏ.எல்.சி. கொஞ்சம் அசைவதுதான் சரி என்று கையேட்டிலேயே இருக்கும், கையேட்டைப் படியுங்கள்.

சரி, அந்த இரண்டு நண்பர்கள். ஒருவர் ஒலியைக் குறைத்த அன்றே பதில் வாங்கினார். இன்னொருவருக்குச் சிக்கல் வேறு:

கடிகாரம்

ஒரு வினாடிக்கு மேல் பிசகினால் உங்களைப் படிப்பது சிக்கலாகிவிடும். இணையத்தோடு ஒத்திசையுங்கள்.

யூ.எஸ்.பி. என்றால் இரண்டு

ஒன்று கேபிள், இன்னொன்று மேல் பக்கப் பட்டை (அப்பர் சைட்பேண்ட்) என்ற ரேடியோ அமைப்பு. எஃப்டி8-க்கு 7.074 மெகாஹெர்ட்ஸ் ஆனாலும் 14.074 ஆனாலும் மேல் பக்கமே.

பெட்டிக்குப் பணம், கம்பிக்கு மிச்சம்

விலையுயர்ந்த ரேடியோ வாங்கிவிட்டு ஆன்டெனாவுக்கு ஜன்னல் ஓரத்தில் இரண்டு மீட்டர் கம்பி. 20 மீட்டர் பாண்டுக்கு அரை அலை டைபோல் (நடுவில் கேபிள் இணைக்கும் கம்பி ஆன்டெனா) என்பது மொத்தம் பத்து மீட்டர் சாதாரண ஒயர்தான். அதை உயரமாகக் கட்டி 5 வாட் விட்டால் கண்டம் தாண்டும்.

டிரான்ஸ்மிட் செய்தால் மவுஸ் உறைவது

ரேடியோ அலை கேபிள் வழியாகத் திரும்பி வருகிறது. ஃபெரைட் வளையத்தில் கேபிளைப் பல சுற்றுச் சுற்றுங்கள். ஹம் என்ற ரீங்காரம் கேட்டால் ஒலிக் கம்பியில் ஒரு சின்ன ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள்.

லேப்டாப் சார்ஜர்

கழற்றிவிட்டு ஒருமுறை இரைச்சலைப் பாருங்கள்.

லாக்

தொடர்புகளைப் பதியும் கோப்பைப் பிரதி எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். என்னுடைய முதல் வருடத் தொடர்புகள் அத்தனையும் ஒரு ஹார்டு டிஸ்கோடு போயின.