பி0420 காட்டுதா? கேட்கான் மாத்துறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாத்துடுங்க

மீட்டர்ல மஞ்ச கலர்ல செக் என்ஜின் லைட் எரியும், ஷெட்டுல ஸ்கேனர் மாட்டி பாத்துட்டு "பி0420 சார், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போச்சு, மாத்தணும்"னு ஒரே வரில முடிச்சிடுவாங்க. பி0420ங்கறது ஸ்கேனர் காட்டுற ஃபால்ட் கோடு, கேட்கான்னு நாம சொல்றது இந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரத்தான், எக்ஸாஸ்ட் பைப்புல புகைய சுத்தம் பண்ற டப்பா. எங்க மச்சான் வண்டிக்கும் இதேதான் நடந்துச்சு, பத்து வருஷம் ஓடின 1.2 லிட்டர் பெட்ரோல் கார், எஸ்டிமேட்ட பாத்துட்டு மனுஷன் வண்டிய வித்துடலாமான்னு கேட்டாரு. கடைசில பாத்தா எக்ஸாஸ்ட் பைப்புல பின்னாடி ஆக்சிஜன் சென்சாருக்கு கொஞ்சம் முன்னாடி இருக்கற ஜாயின்ட்ல கேஸ்கட் எரிஞ்சு போயி லீக்காகிட்டு இருந்துச்சு, கேட்கான் நல்லாவே இருந்துச்சு. அந்த கேஸ்கட்ட மாத்தினதோட சரி, லைட் திரும்ப வரல.

அந்த கோடு உண்மைல என்ன சொல்லுதுன்னு மொதல்ல புரிஞ்சுக்கணும். கேட்கானுக்கு முன்னாடி ஒரு ஆக்சிஜன் சென்சார், பின்னாடி ஒண்ணு இருக்கும். முன்னாடி இருக்கறது 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவுல ஏறி இறங்கி ஆடிக்கிட்டே இருக்கும், ஏன்னா இசியூ (என்ஜின கண்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர்) பெட்ரோல கொஞ்சம் கூட்டி கொஞ்சம் குறைச்சு விட்டுட்டே இருக்கும். கேட்கான் நல்லா இருந்தா அது ஆக்சிஜன புடிச்சு வெச்சுக்கிட்டு தேவைப்படறப்ப விடும், அதனால பின்னாடி சென்சார் ஆடாம 0.6, 0.7 பக்கம் நிக்கும். பின்னாடியும் முன்னாடி மாதிரியே ஆட ஆரம்பிச்சா இசியூ பி0420 போடும், அவ்ளோதான். ஏன் ஆடுதுன்னு அதுக்கு தெரியாது, அத கண்டுபுடிக்க வேண்டியது நாமதான்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு. லைட் நிலையா எரிஞ்சா பதட்டப்பட வேணாம், மெதுவா ஓட்டிட்டு வந்து பாக்கலாம். ஆனா விட்டு விட்டு மின்னுச்சுன்னா ஓரமா நிறுத்திடுங்க. மின்னுதுன்னா என்ஜின் பலமா மிஸ்ஸிங் அடிக்குதுன்னு அர்த்தம், எரியாத பெட்ரோல் நேரா கேட்கானுக்குள்ள போயி அங்க எரியும், உள்ள சூடு ஆயிரம் டிகிரிக்கு மேல போயி பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்செல்லாம் வீணாகி, அதுக்கும் மேல போனா தேன்கூடு மாதிரி இருக்கற செராமிக்கே உருகி அடைச்சுக்கும். ஒரு பிளக்கோ காயிலோ மாத்தி முடிய வேண்டிய வேலை, "வீடு வரைக்கும் போயிடலாம்"னு ஓட்டினதால பெரிய செலவாகிடும்.

சரி, வேலைக்கு வருவோம். ப்ளூடூத் ஓபிடி அடாப்டர் (வண்டி கம்ப்யூட்டர்ல இருக்கற கோட போன்ல காட்டுற சின்ன கருவி) ஒண்ணு வாங்கிக்கோங்க, இஎல்எம்327ன்னு கேட்டா கிடைக்கும், ஆன்லைன்ல விலை கம்மிதான், போன்ல ஒரு ஆப் போட்டா போதும். 2013 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ்4 காரா இருந்தா ஸ்டியரிங்குக்கு கீழ முழங்கால் கிட்ட 16 பின் சாக்கெட் இருக்கும். கோட எடுத்த உடனே அழிச்சிடாதீங்க, நெறைய பேர் பண்ற தப்பு இதுதான். எல்லா கோடையும் எழுதி வெச்சுக்கோங்க, ஃப்ரீஸ் ஃப்ரேம்னு ஒண்ணு இருக்கும், லைட் வந்தப்ப என்ஜின் என்ன சூட்டுல, என்ன ஸ்பீடுல, என்ன லோடுல இருந்துச்சுன்னு அதுல இருக்கும், அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துடுங்க. பி0420 கூட பி0300ல இருந்து பி0304 வரைக்கும் ஏதாச்சும் இருந்தா மிஸ்ஃபயர், பி0171 இருந்தா லீன் (பெட்ரோல் கம்மி), பி0172 இருந்தா ரிச் (பெட்ரோல் அதிகம்), பி0135 இல்ல பி0141 இருந்தா சென்சார் ஹீட்டர் பிரச்சன. இதுல எது இருந்தாலும் அத மொதல்ல சரி பண்ணுங்க, கேட்கான அப்புறம் பாத்துக்கலாம்.

அடுத்து லைவ் டேட்டா. வண்டிய ஒரு இருபது நிமிஷம் ஓட்டி நல்லா சூடு பண்ணிட்டு வாங்க, கேட்கான் முன்னூறு டிகிரி பக்கம் வந்தாதான் வேலையே செய்ய ஆரம்பிக்கும், ஆறின வண்டில பாத்தா நல்ல கேட்கானும் செத்த மாதிரிதான் தெரியும். நியூட்ரல்ல 2500 ஆர்பிஎம் புடிச்சு ரெண்டு மூணு நிமிஷம் ரெண்டு சென்சார் வோல்டேஜையும் கிராஃப்ல பாருங்க. பின்னாடி சென்சாரோட கிராஃப் லைன் அலுங்காம போச்சுன்னா கேட்கான் இப்போதைக்கு வேலை செய்யுது. முன்னாடியோட சேந்து அதே வேகத்துல ஆடுச்சுன்னா கேட்கான் போயிருக்கணும் இல்ல லீக் இருக்கணும். 0.1லயே படுத்துக்கிச்சுன்னா சென்சாரையோ லீக்கையோ சந்தேகப்படுங்க. (சில வண்டில முன்னாடி வைட்பேண்ட் சென்சார் இருக்கும், அது இப்படி ஆடாது, அந்த மாதிரி வண்டில பின்னாடி சென்சார் எவ்ளோ ஆடுதுன்னு மட்டும் பாருங்க.)

"பின்னாடி சென்சார மாத்தி பாப்போம், அது கம்மி செலவுதானே"ன்னு ஷெட்டுல சொல்லுவாங்க. யோசிச்சு பாருங்க, வயசாகி மந்தமான சென்சார் சீக்கிரமா ஆடாது, அது கேட்கான நல்லவனா காட்டுமே தவிர கெட்டவனா காட்டாது. அதனால பி0420க்கு சென்சார மாத்துறது பெரும்பாலும் வீண் காசு. சந்தேகம் இருந்தா டெஸ்ட் பண்ணலாம், காலி ரோட்டுல பக்கத்துல ஒருத்தர போன பாக்க சொல்லிட்டு ஆக்சிலேட்டர நல்லா மிதிங்க, 0.8க்கு மேல ஏறணும், கியர்லயே கால எடுத்தா கிட்டத்தட்ட சைபருக்கு இறங்கணும். ரெண்டும் சட்டு சட்டுன்னு நடந்தா சென்சார் நல்லா இருக்கு.

லீக் பாக்கறதுக்கு காலைல ஆறின வண்டிய ஸ்டார்ட் பண்ணி காது கொடுத்து கேளுங்க, மேனிஃபோல்டு பக்கம் டிக் டிக்னு சத்தம் வந்து சூடானதும் குறைஞ்சா லீக்தான். ஜாயின்ட்ல கறுப்பா கரி படிஞ்சிருக்கும். சோப்பு தண்ணி அடிச்சு, சைலன்சர் வாய ஈரத்துணியால லேசா அடைச்சு புடிச்சா நுரை வரும், ஆறின என்ஜின்ல மட்டும் இத செய்யுங்க. லீக்னா புகை வெளிய போறது மட்டும்தான்னு நெனைக்காதீங்க, எக்ஸாஸ்ட் துடிக்கும்போது வெளி காத்தையும் உள்ள இழுக்கும், அந்த ஆக்சிஜன்தான் சென்சார ஏமாத்துது. கேஸ்கட் வைக்கறப்ப சீலன்ட் தடவினா சென்சாருக்கு பாதுகாப்பானதுன்னு போட்டிருக்கறத வாங்குங்க, சாதா சிலிகான் ஆவி சென்சாரையும் கேட்கானையும் கெடுத்துடும்.

ஃப்யூயல் ட்ரிம்மும் பாருங்க, இசியூ பெட்ரோல எத்தன பர்சென்ட் கூட்டுது குறைக்குதுன்னு காட்டுற நம்பர் அது. லாங் டெர்ம் பிளஸ் மைனஸ் பத்துக்குள்ள இருந்தா பரவால்ல. இப்ப பங்க்ல இ20 (20 பர்சென்ட் எத்தனால் கலந்த பெட்ரோல்) வருது, அதுக்கு ட்யூன் பண்ணாத பழைய வண்டில நாலஞ்சு பர்சென்ட் பிளஸ் காட்டினா அதுக்காக எதையும் கழட்ட வேணாம். மைனஸ் பக்கம் ரொம்ப போயி சைலன்சர்ல கூமுட்டை நாத்தம் அடிச்சா பெட்ரோல் அதிகமா போகுது, இன்ஜெக்டர், மேப் சென்சார், கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார்னு தேடணும்.

ஆயில் லெவலும் கூலன்ட் லெவலும் மாசா மாசம் குறையுதான்னும் பாத்துடுங்க. என்ஜின் ஆயில்ல இருக்கற பாஸ்பரஸ் எரிஞ்சு கேட்கான் மேல படிஞ்சு மூடிடும், கூலன்ட்டும் அதே வேலையத்தான் செய்யும். ஆயில் குடிக்கிற என்ஜின்ல புது கேட்கான் போட்டா அதுவும் சீக்கிரமே போயிடும், இத எந்த ஷெட்டுலயும் தானா சொல்லமாட்டாங்க, நீங்கதான் கேக்கணும்.

பிக்கப் சுத்தமா இல்ல, மேட்டுல ஏறமாட்டேங்குது, ஆர்பிஎம் ஒரு அளவுக்கு மேல போகலன்னா கேட்கான் அடைச்சிருக்கலாம். முன்னாடி சென்சார கழட்டி அந்த ஓட்டைல பிரஷர் கேஜ் மாட்டினா ஐட்லிங்ல ஒண்ணேகால் பிஎஸ்ஐக்குள்ளயும் 2500ல மூணுக்குள்ளயும் இருக்கணும், மேல போனா அடைப்பு. ஆறினப்ப ரப்பர் சுத்தியலால லேசா தட்டி பாருங்க, உள்ள கடகடன்னு ஆடுச்சுன்னா செராமிக் உடைஞ்சிருக்கு, வேற டெஸ்ட்டே வேணாம். முன்னாடியும் பின்னாடியும் டெம்பரேச்சர் கன் வெச்சு பாக்கறதும் உண்டு, எனக்கு அதுல நம்பிக்கை கம்மி, நல்ல கேட்கான்லயும் வித்தியாசம் பெருசா தெரியாது.

எல்லாம் பாத்தும் கேட்கான்தான்னு உறுதியாச்சுன்னா மாத்துங்க. "உள்ள இருக்கறத தட்டி எடுத்துட்டு காலி டப்பாவ மாட்டிடலாம் சார், பிக்கப்பும் ஏறும்"னு யாராச்சும் சொன்னா தயவு செஞ்சு வேணாம். கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடும் அப்படியே வெளிய வரும், சிக்னல்ல நம்ம பின்னாடி பைக்ல நிக்கிற அப்பா அம்மா நடுவுல உக்காந்திருக்கற குழந்தை மூஞ்சிக்கு நேரா போறது அதுதான். அதோட பழைய கேட்கான கேட்டு வாங்கிடுங்க, உள்ள விலை உயர்ந்த உலோகம் இருக்கு, அதுக்குன்னே வாங்கறவங்க இருக்காங்க, எக்சேஞ்ச்ல கொடுக்கறதா இருந்தா பில்லுல கழிச்சிருக்காங்களான்னு பாருங்க.

வேலை முடிஞ்சதும் கோட அழிச்சிட்டு ஆப்ல ரெடினஸ் மானிட்டர் (இசியூ தன்னோட செல்ஃப் டெஸ்ட்ட முடிச்சிடுச்சான்னு காட்டுறது) பக்கத்துக்கு போங்க, கேட்டலிஸ்ட்ங்கறது இன்கம்ப்ளீட்னு இருக்கும். சிட்டிக்குள்ளயும் ஹைவேலயும் கலந்து சில நாள் ஓட்டுங்க, அது கம்ப்ளீட்னு மாறி அப்பவும் லைட் வரலன்னாதான் சரியாச்சுன்னு அர்த்தம், அது வரைக்கும் ஷெட்காரர் கொடுத்த பில்ல பத்திரமா டேஷ்போர்டுக்குள்ளயே வெச்சிருங்க.