லாத்தா மேடாங் அருவிக்கு ஜீப்பில்: முதன்முறை போகிறவர்களுக்கு

கோலாலம்பூரிலிருந்து வடக்கே கோல குபு பாருவுக்குப் போய், பிரேசர் மலைச் சாலையில் சிலாங்கூர் அணையைத் தாண்டினால் பெர்தாக். மண்பாதை அந்தப் பக்கத்தில்தான் தொடங்குகிறது. மைவி போன்ற சிறிய கார் அத்தோடு நிற்கட்டும்.

முதல் வேலை, வழிகாட்டியைப் பிடிப்பது. சுற்றுலா அமைச்சின் உரிமம் உண்டா, வனத்துறை அனுமதியை யார் எடுப்பார், எத்தனை வண்டி வரும் என்று கேளுங்கள். இரண்டு வண்டி அவசியம்; ஒன்று புதைந்தால் மற்றது இழுக்கும். விலை மலிவு என்று ஒற்றை வண்டிக்குத் தலையாட்டிவிட்டு, மூன்று மணி நேரம் சேற்றில் உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன்.

அடுத்தது நேரம். காலை ஏழரைக்குள் பெர்தாக்கில் இருங்கள். இங்கே இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும்; ஏப்ரலிலும் அக்டோபரிலும் கேட்கவே வேண்டாம். காலுக்கு 'அடிடாஸ் கம்போங்' எனப்படும் ரப்பர் காலணி போதும். மாற்றுடை, தண்ணீர், நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலம். காலில் ஆறாத புண் இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். எலிச் சிறுநீர்க் கிருமி புண் வழியாக எளிதில் புகும்.

வண்டியில் ஏறியதும் பெல்ட்டைப் போட்டு, மேல் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். முழங்கை ஜன்னலுக்கு வெளியே நீளக்கூடாது. மேடு பள்ளத்தில் கதை பேசினால் நாக்கைக் கடித்துக்கொள்வீர்கள். ஆற்றங்கரையில் ஓட்டுநர் இறங்கி, தண்ணீரில் நடந்து முழங்காலால் ஆழம் பார்ப்பார். திரும்பி வந்து சிறிய கியரைப் போட்டு, அதை மாற்றாமல் ஒரே சீராக ஏற்றுவார். பானெட்டுக்கு முன்னால் தண்ணீர் மடிந்து ஓர் அலையாகப் போகும். அந்த அலை கலையாத வேகமே சரியான வேகம். "சீக்கிரம் போங்கண்ணே" என்று அவரை அவசரப்படுத்தாதீர்கள்.

அருவியில் குளிக்கும்போது வானத்தை மட்டும் பார்த்தால் போதாது. உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கும். மலை உச்சியில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தண்ணீர் மொத்தமாகத் திரண்டு இறங்குவதைத்தான் கெப்பாலா ஆயர் என்கிறார்கள். தெளிந்த நீர் தேநீர் நிறத்துக்கு மாறுகிறதா, சருகும் சுள்ளியும் மிதந்து வருகின்றனவா, இரைச்சல் கூடுகிறதா? கேமராவை எடுக்கத் திரும்ப வேண்டாம். கரையேறி மேட்டுக்குப் போய்விடுங்கள். வழிகாட்டி கிளம்பச் சொன்னால், "இன்னும் ஐந்து நிமிடம்" என்று கெஞ்சாதீர்கள்.

கோல குபு பாருவில் தேநீர் குடிக்க உட்காரும் முன் காலுறையைக் கழற்றிப் பாருங்கள். எனக்கு இரண்டு அட்டைகள் இருந்தன, நன்றாகக் கொழுத்து.